பச்சைக் கவுன் போட்ட ராகி மூட்டை

ஓசூரில் அந்த மனிதர் 'சரி' என்று ஒப்புக்கொண்ட பொருள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கடவுளே நேரில் வந்து நின்றாலும், "கொஞ்சம் திரும்பி நில்லுங்க சாமி, பின்பக்கம் பாக்கணும்" என்பார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

எங்கள் தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதனை வேலை. வந்து இறங்கும் சரக்கு தேறினால் பச்சை ஸ்டிக்கர், தேறாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். பச்சைக் கட்டு பிரிக்காமலே கிடக்கும். சிவப்புதான் அடிக்கடி தீர்ந்துபோகும். அதனால் அவர் பெயரே 'ரிஜெக்ட்' ஆகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. நான் இருந்தது பர்ச்சேஸ் பிரிவில். நான் அலைந்து திரிந்து வாங்கிவருவதை அவர் நின்ற இடத்திலிருந்தே திருப்பி அனுப்புவார். எங்களுக்குள் எப்படி ஒட்டும்?

போதாக்குறைக்கு எங்கள் காம்பவுண்டிலேயே மாடி அறையில் குடியிருந்தார். நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியை இரண்டாகப் பிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். பெண் வீட்டார் அவருக்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டார்கள் என்று கேன்டீனில் பேச்சு.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். என் மகள் பவித்ராவுக்கு அவரைப் பிடித்திருந்தது.

அப்போது பவிக்கு மூன்று வயது நிரம்பவில்லை. நான் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அவர் மாடிப்படியில் இறங்கி வந்து, தட்டிலிருக்கும் இட்லியை ஒரு விரலால் அழுத்தி, "ம்... பரவால்ல" என்றால் போதும், முழு இட்லியும் உள்ளே போய்விடும். நான் பெங்களூரிலிருந்து வாங்கிவந்த பொம்மையைக்கூட முதலில் "ஜெக்டு மாமா"விடம்தான் எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவர் பொம்மையின் கையைத் திருகிப் பார்த்து, "தையல் லூசுங்க பாப்பா" என்பார். அவளும் சந்தோஷமாகத் தூக்கிப் போட்டுவிடுவாள். வாங்கிவந்தவன் ஒருவன் வாசலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் நிற்கிறானே என்று யாருக்கும் தோன்றாது. எனக்கு வயிறு எரியும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரியும்.

ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது. நான் தாமிரபரணிக்காரன். நீச்சல் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரிஜெக்ட்டோ நாட்றாம்பாளையம் பக்கத்து மலையோரத்துக்காரர். குடத்துத் தண்ணீருக்கு மேல் ஆழம் பார்த்தவர் இல்லை என்பது என் கணிப்பு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, என் அண்ணன் பிள்ளைகள் முன்னால் பவி ஆற்றில் இறங்க வேண்டும். போன வருடம் கரையில் நின்று கதறிய கதறலில், "ஓசூர்ல பிள்ளைய வளத்தா இப்படித்தாம்ல" என்று அண்ணன் சொன்னது காதிலேயே நின்றது. அதைவிட முக்கியம், தண்ணீருக்குள் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டே ஆக வேண்டும். அங்கே இட்லி அழுத்துகிறவருக்கு வேலையில்லை.

"எங்கப்பா என்னைத் தூக்கித் தண்ணியில எறிஞ்சாரு. நான் படிக்கலையா?" என்றேன் மனைவியிடம்.

"எறியுற சோலியெல்லாம் உங்க குடும்பத்தோட வச்சுக்கிடுங்க. எம் பிள்ளைய எறிஞ்சியள்னா தெரியும் சேதி."

"சரி, முதுகுல சுரைக்குடுக்கை கட்டி விடுவோம்."

"ஓசூர்ல சுரைக்குடுக்கைக்கு எங்க போவிய? கடையில கைக்கு மாட்டுற பலூன் விக்காம்லா. எதுக்கும் மாடியில அவுகட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே நான் கேட்காமல் வாங்கினேன். பெங்களூர் போய், காற்றடைத்து இரண்டு கையிலும் மாட்டும் சிவப்புப் பட்டைகள், இடுப்புக்கு வாத்துத் தலை வைத்த டியூப், நீச்சலுக்கென்றே ஒரு பச்சைக் கவுன் எல்லாம் வாங்கிவந்தேன். பையைப் பிரித்த அடுத்த நிமிடம் பவி அத்தனையையும் வாரிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள்.

பின்னாலேயே போய்ப் பார்த்தால், வாத்து ஏற்கெனவே பக்கெட் தண்ணீருக்குள் தலைகீழாக இருந்தது. ரிஜெக்ட் கைப்பட்டைகளில் சோப்பு நுரையைத் தடவித் தடவி எங்கே குமிழ் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வாத்து ஆவாதுங்க. புள்ள குனிஞ்சா கவுந்துக்கும். கால் மேல, தலை கீழ."

"கைப்பட்டை?"

"இன்னைக்கு நிக்குது. நாளைக்கு நிக்குமான்னு லோடு டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாதுங்க."

மறுநாள் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் பவியை உட்காரவைத்து எடை பார்த்தார். அவளுக்கு ஒரே கும்மாளம். வருகிறவர்களிடமெல்லாம், "ஜெக்டு மாமா என்னை வெயிட் போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தோளில் தூக்கிக்கொண்டு சந்தையெல்லாம் சுற்றியதை ஒரு நாளும் இப்படிப் பெருமையாகச் சொன்னதில்லை.

பெங்களூர் ரோட்டில் ஒரு ஹோட்டல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியாட்களையும் நீச்சல் குளத்தில் விடுவார்கள். கன்னடம் பேசும் மாஸ்டர் ஒருவர் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். நாங்கள் மூவரும் கிளம்பினோம். சொல்லவே வேண்டாம், ரிஜெக்ட்டும் கிளம்பினார். இன் பண்ணிய முழுக்கைச் சட்டை, பேன்ட், தோளில் ஒரு கனமான பை.

மாஸ்டரை ஓரம் கட்டி அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரே நேரத்துல எத்தனை புள்ளைங்களப் பாப்பீங்க?"

"எத்தனை பேர் பந்த்ரூ... வந்தாலும் பார்ப்பேன் சார். பயப்படாதீங்க."

"கண்ணு ரெண்டுதானே இருக்குது?"

மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். ரிஜெக்ட் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மாஸ்டருக்கும் சிவப்பு ஸ்டிக்கர்.

நான் கவுன்டரில் கட்டணம் கட்டப் போனேன். சில்லறைக்காக நின்றிருந்தபோது குளத்துப் பக்கமிருந்து வாட்ச்மேனின் அலறல். "அய்யோ! மகு! மகு பித்துபிட்டிதே! யாராவது வாங்களேன்!"

கன்னடத்தில் 'மகு' என்றால் குழந்தை, 'பித்துபிட்டிதே' என்றால் விழுந்துவிட்டது என்று ஓசூரில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும். ஓடினேன். ஆழமான பக்கத்தில், பச்சைக் கவுன். ஒரு கையில் சிவப்புப் பட்டை உப்பலாக, இன்னொரு கையில் சுருங்கிப்போய். மெல்லச் சாய்ந்து, கண் முன்னால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. ஷூ, வாட்ச், பாக்கெட்டில் புதிதாக வாங்கிய செல்போன், எல்லாவற்றோடும் குதித்தேன். அடியில் போய்ப் பிடித்து மார்போடு அணைத்து மேலே வந்தேன். "பவி! பவிம்மா!" என்று கத்திக்கொண்டே முகத்தைத் திருப்பினேன். முகம் இல்லை. கழுத்துக்கு மேல் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய முடிச்சு இருந்தது.

கரையில் என் மனைவியின் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பவி நிதானமாகச் சொன்னாள், "அப்பா, அது ராகி."

குளமே சிரித்தது. மாஸ்டர் விசில் ஊதிச் சிரித்தார். மூட்டையின் ஓரம் பிரிந்து, என்னைச் சுற்றித் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிக்கொண்டிருந்தது. ஹோட்டல் மேனேஜர் மட்டும் சிரிக்காமல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"பாப்பா எடைக்குச் சரியா எங்கூட்டு ராகிய, கை ரெண்டும் வச்சுக் கட்டினன் சார்" என்றார் ரிஜெக்ட். "கவுனு போட்டாத்தான் நெசமான டெஸ்ட்டு. அந்த எடது பட்டைல மூடி நழுவுது பாருங்க. நல்லவேளை, ராகியோட போச்சி."

"யோவ்! எனக்கு உயிரே போச்சுய்யா! உமக்குக் கூறு இருக்காவே?" எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மூட்டையை அவர்மேலேயே எறிந்திருப்பேன், கை வரவில்லை. அவ்வளவு நேரமும் அதை மார்போடு அணைத்தபடிதான் நின்றிருந்தேன்.

அவர் குளத்தோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னையே பார்த்தார். சரக்கைப் பார்க்கும் அதே பார்வை.

"டியூபு, பட்டை, மாஸ்டரு, ஒண்ணும் தேறலைங்க. எதைப் போட்டாலும் கை எட்டுற தூரத்துல ஒரு ஆள் நிக்கணும். நீங்க குதிச்சதப் பாத்தன்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க ஓகேங்க சார். நீங்களே கத்துக்குடுங்க."

பர்ச்சேஸ் பிரிவின் வரலாற்றிலேயே அப்படி ஒரு சொல் எங்கள் பக்கம் வந்ததில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இன்க்ரிமென்ட் கிடைத்தபோதுகூட நான் அவ்வளவு குளிர்ந்ததில்லை.

குளத்தைச் சுத்தம் செய்ய ஆன செலவை அவரே கொடுத்து, மேனேஜரைச் சமாதானப்படுத்தினார். அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். ஆழமில்லாத பக்கத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நான் கையை நீட்டினேன். இனி அவள் வரவேண்டியது என்னிடம்தான், வேறு வழியே இல்லை.

பவி படியில் நின்று தலையை ஆட்டினாள். "ஜெக்டு மாமா வந்தாத்தான்."

"மாமாவுக்கு நீச்சல் தெரியாதுடா தங்கம்."

"மாமா வந்தாத்தான்!"

ரிஜெக்ட்டின் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். அப்பட்டமான பயம். படியை அழுத்திப் பார்த்தார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பரிசோதிக்க வேறொன்றும் மிச்சமில்லை. பேன்டோடு, இன் பண்ணிய சட்டையோடு, ஒவ்வொரு படியாக இறங்கினார். அடியெடுத்து வைத்து அடியெடுத்து வைத்து, எனக்கு நாலடி தள்ளிப் போய், உதடு நடுங்க நின்றார்.

உடனே பவி வந்துவிட்டாள். என் கைக்கு வந்து ஒரு நிமிடம் குதித்தாள், காலை உதைத்தாள், சிரித்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கனவு கண்டது அதுதான். வாழ்க்கையில் வேறென்ன வேண்டும் என்று நினைப்பதற்குள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா அழறாங்க" என்றாள். என் மார்பில் காலை ஊன்றி உதைத்தாள். பட்டை இல்லை, டியூப் இல்லை. நான் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையை வெறுமனே காட்டிக்கொண்டு கூடவே போனேன். தொடவில்லை. அவள் என்னைவிட்டு, அவரை நோக்கித் தானாகவே மிதந்து போனாள். அவள் முதல் நீச்சல் அது. போய்ச் சேர்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க மாமா, அப்பா இருக்காங்க" என்றாள்.

இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பெற்றவன் நான், ஆறு என்னுடையது, நீச்சல் என்னுடையது. முதல்முதலாக நீந்திப் போனது அவரிடம்.

அவர் குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "சார்... என்னையும் கொஞ்சம் புடிச்சுக்கோங்க. கால் நிக்க மாட்டேங்குதுங்க."

பிடித்துக்கொண்டேன். அவரையும் அவர் தோளில் இருந்தவளையும் சேர்த்து அணைத்தபடி கரைவரை நடத்திவந்தேன். படி வந்தது, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது, பிறகு தரையே வந்துவிட்டது. அந்த மனிதரின் கையை விட எனக்குத்தான் மனம் வரவில்லை.