மூஸ் குளத்தில் கை கழுவிய கதை

மாப்பிள்ளை விசாரிப்பதில் யாழ்ப்பாணத்து ஆட்களை யாரும் வெல்ல முடியாது. பொடியனுக்குப் படிப்பித்த வாத்தியாரிலிருந்து அவன் சைக்கிள் திருத்தும் கடைக்காரர் வரை ஒருவரையும் விடமாட்டார்கள். குடிப்பானா, கோபக்காரனா என்று ஒரு கிழமைக்குள் முடிவு வந்துவிடும். ஆனால் மாப்பிள்ளை மொன்றியலில் பிறந்த பிரெஞ்சுக்காரன் என்றால் யாரிடம் போய் விசாரிப்பது?

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, என் தங்கை சுகி, லூக் என்ற எலெக்ட்ரீஷியனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட் அல்லோலகல்லோலப்பட்டது. அம்மாவுக்கு அவனுடைய நிறமோ மொழியோ பிரச்சினை இல்லை. அப்பாவின் முன்கோபத்தோடு காலம் தள்ளியவர் அவர். மகளுக்கும் அது வேண்டாம் என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

“வேலை இருக்கு, முகமும் பரவாயில்லை. கோவம் வந்தா எப்பிடி எண்டுதான் தெரியேல்லை,” என்றார் அம்மா. “நீ ஒருக்காப் போய்ப் பழகிப் பார். நீ சொன்னாத்தான் நான் ஓம் எண்டுவன்.”

தங்கையின் கல்யாணம் என் கையில். (எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை, ஆட்களை எடைபோடவும் தெரியாது. அம்மாவிடம் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.)

லூக் வில்லால் மூஸ் வேட்டையாடுகிறவன். மூஸ் மான் சாதிதான், ஆனால் நின்றால் எங்கள் குளிர்சாதனப்பெட்டியை விட உயரம். வில் வேட்டை செப்டெம்பரில் தொடங்கும். அதற்கு முன்பே காட்டுக்குப் போய், அது எந்த வழியால் வருகிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று வேவு பார்த்துவிட வேண்டும். “நானும் வாறன்,” என்றேன். அவன் மூஸை வேவு பார்க்க, நான் அவனை வேவு பார்க்கலாம்.

லூக் ஒரு நிபந்தனை சொன்னான். மூஸுக்குக் கண் பார்வை மட்டம், ஆனால் மூக்கு பொல்லாதது. வாசனைச் சவர்க்காரம், செண்ட், சிகரெட் எதுவும் கூடாது. அம்மாவிடம் இதை ஒப்பித்தேன்.

“சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லைத்தானே?” என்று கேட்டுவிட்டு, சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த சூடை மீன், மோர்மிளகாய் எல்லாம் கட்டித் தந்தார். எனக்கொரு பெட்டி, வருங்கால மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டி. வெறுங்கையோடு ஒருவரிடம் போகிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை.

நகரத்துக்கு வடக்கே மூன்று மணிநேர ஓட்டம். அதற்குப் பிறகு நடை. காட்டின் நடுவே ஒரு சின்னச் சேற்றுக்குளத்தை லூக் கோயில் மூலஸ்தானத்தைக் காட்டுவதுபோலக் காட்டினான். வசந்தத்திலிருந்து அங்கே வந்து மூஸ் நக்குவதற்கு உப்புப் போட்டிருக்கிறான். “இங்கேயே இரு. நான் சுவடு பார்த்துவிட்டு வருகிறேன்,” என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இருந்தேன். பசித்தது. பெட்டியைத் திறந்து, கையால் குழைத்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பிறகுதான் யோசித்தேன். தண்ணீர்ப் போத்தல் காரில். சாப்பிட்ட கையைக் கழுவாமல் வைத்திருக்க எந்தத் தமிழனால் முடியும்? கண் முன்னால் குளம் நிறையத் தண்ணீர் இருந்தது.

கையைக் கழுவினேன். வாயைக் கொப்பளித்து நன்றாகத் துப்பினேன். மீன் வாடை போகவில்லை என்று சேற்றைப் போட்டு இன்னொரு தடவை தேய்த்தேன். வந்ததுதான் வந்தோம் என்று அம்மாவின் பெட்டியையும் அலம்பினேன். குளத்தின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவியது.

அப்போது லூக் உதட்டில் விரலை வைத்தபடி குனிந்து ஓடி வந்து என்னை ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்தான். எதிர்ப்புறத்தில் கிளைகள் விலகின. மூஸ் வந்தது. கதவகலத்துக்குக் கொம்பு. லூக் மூச்சு விடவில்லை. அது தண்ணீருக்குக் குனிந்தது, மூக்கை விரித்தது, சட்டென்று நிமிர்ந்தது. அருவருப்போடு எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது.

லூக் குளத்தடிக்குப் போனான். ஏதோ இலையை எடுத்து முகர்ந்தான்.

“இது என்ன?”

“கறிவேப்பிலை,” என்றேன். பிரெஞ்சில் ஒரு பொய்யும் எனக்கு வரவில்லை.

“இதில் கை கழுவினாயா?”

“பெட்டியும்.”

லூக்கின் முகம் சிவந்தது. அம்மா கேட்ட விடை இதோ வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் விழுந்து கிடந்த மரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். கவலைதான், பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு என் பையைப் பார்த்துக் கேட்டான்.

“உன் அம்மா எனக்கும் ஒரு பெட்டி தந்ததாகச் சொன்னாயே?”

கொடுத்தேன். என்னைப் பார்த்துப் பார்த்துக் கையால் குழைத்தான். பாதி சோறு சேற்றில் விழுந்தது, மோர்மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டான். முழுவதையும் முடித்துவிட்டு எழுந்து போய், ஐந்து மாதமாகக் காத்த அதே குளத்தில் கையைக் கழுவினான். “இனி இது உங்கள் வீட்டுக் குளம்,” என்று சிரித்தான். சுகிக்கு அவனைக் கட்டிக்கொடுக்காவிட்டால் நானே தத்தெடுத்துக்கொண்டிருப்பேன்.

“எப்பிடி?” என்று அம்மா வாசலிலேயே கேட்டார். நடந்ததை முழுவதும் சொன்னேன். தலையில் கைவைத்து என்னைத் திட்டி முடித்துவிட்டு, உள்ளே பார்த்து, “சுகி, அந்தப் பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லு,” என்றார்.

கல்யாணமாகிப் பல வருடமாகிவிட்டது. மூஸ் அகப்படாத ஒவ்வொரு வருடமும் லூக் காட்டிலிருந்து ஃபோன் எடுத்து, “மச்சான், இந்த முறை எங்கே கை கழுவினீங்கள்?” என்று தமிழில் கேட்பான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போன மாதம் கர்க்லாண்டில் இருக்கும் பெரியம்மா கூப்பிட்டார். மகளுக்கு ஒரு டொக்டர் மாப்பிள்ளை பேசி வந்திருக்கிறதாம். சாதகம் பொருத்தம், குடும்பமும் நல்லது.

“எல்லாம் சரி தம்பி,” என்றார் பெரியம்மா. “நீ ஒருக்கா அந்தப் பொடியனோட எங்கயாவது போய், எதையாவது கெடுத்துப்போட்டு வாவன்.”