நாயகன் பாடுபடணும்

உலகத்தில் மட்டமாக ஷட்டில் ஆடுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் மட்டமாக ஆடிக்கொண்டே தன்னைப் பற்றித் தானே ஆவணப்படம் எடுக்கத் துணிந்தவர் ஒருவர்தான். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்த்துச் சொல்வதில் கெட்டிக்காரர். தன்னைப் பார்க்கும்போது மட்டும் பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வார்.

அவர் ஆடும் மன்றத்தின் ஆண்டு விழாவில், உறுப்பினர் யாராவது எடுத்த விளையாட்டுப் படம் ஒன்றைப் பெரிய திரையில் போடுவது வழக்கம். போன தடவை பல் டாக்டர் எடுத்த படம் ஓடியது. அதற்கு விழுந்த கைதட்டல், ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி நம்மவர் காதில் இறங்கியிருந்தது.

"இந்த வருஷம் என் படம்!" என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு குத்து விட்டார். தட்டு துள்ளியது. மனைவி துள்ளவில்லை. வீட்டு முன்னறையில் தையல் கடை நடத்துகிறவள் அவள். ஊசி குத்தினாலே அசராதவள், மேஜையைக் குத்தினதற்கா அசரப்போகிறாள்?

முதல் படத்தை அவர் தனியாகவே எடுத்து முடித்தார். திரையில் அவர் பந்தை மேலே போடுகிறார். பந்து போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. முரசு முழங்குகிறது. அவரே கட்டைக் குரலில் பேசுகிறார்: "இவன் பிறந்தபோது உலகத்துக்குத் தெரியாது..."

"இப்பவும் தெரியாதே," என்றாள் மனைவி.

"வாயை மூடிட்டுப் பாரு."

பார்த்தாள். காஜா எடுத்தாள். பொத்தான் தைத்தாள். "பந்து கீழே வந்துடுச்சா?"

"ஸ்லோ மோஷன்டி அது! பாக்கறவன் நாற்காலி நுனிக்கு வரணும்."

"வருவான். எந்திரிச்சுப் போறவன் நுனிக்கு வந்துதானே போகணும்?"

"உனக்கென்ன தெரியும்? வெட்டி ஒட்டறது பெரிய கலை."

"நான் இங்க வெட்டித் தைக்காம வேற என்ன கிழிக்கிறேன்?" என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு பீத்திக்கிறவனை எவன் பாப்பான்? ஐயோ, இவன் தேறுவானா மாட்டானான்னு பாக்கறவன் வயித்தைக் கலக்கணும். நாயகன் பாடுபடணும். உங்க படத்துல பாக்கறவங்கதான் பாடுபடறாங்க."

அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் கடையில், கண் பரிசோதனைக்கு வந்து அசைய முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம், "நாயகன் பாடுபடணும் சார், அதுதான் என் பாணி," என்று அளந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பெரிய மனசு பண்ணி, "போனாப் போகுது, கேமராவை நீயே பிடி," என்றார்.

"பிடிக்கிறேன். ஆனா நான் சொல்றதைக் கேக்கணும்."

"டைரக்டர் சொன்னா நடிகன் கேக்காம?"

அந்த வாக்கியத்தோடு அவர் கதை முடிந்தது. பாவம், ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார்.

குடிவந்த நாளிலிருந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு இரும்பு பீரோ நின்றது. நகர்த்தச் சொன்னபோதெல்லாம் அவருக்கு இடுப்பு வலி வரும். இப்போது, "கால்ல பலம் ஏறுற காட்சி," என்றாள். அடுத்த அறைக்கு மாடு மாதிரி இழுத்தார். வாசற்படியில் பீரோ சிக்கியது. அவரும் சிக்கினார். பிறகு மின்விசிறி துடைத்தார். "ஸ்மாஷ் அடிக்கக் கை நீளணும்ல?" தரை துடைத்தார். "இன்னொரு தடவை. தரை பளபளன்னு இருந்தாத்தான் உங்க முகம் அதுல தெரியும்." அந்த முகத்துக்காகச் சமையலறையையும் சேர்த்துத் துடைத்தார்.

பால்கனியில் மெத்தையைத் தொங்கவிட்டு, மட்டையால் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் என்று தூசி தட்டும்போது எதிர்வீட்டுக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வீட்டு வேலையா?"

"பயிற்சி சார்! உங்களுக்குப் புரியாது."

"புரியுது சார். எங்க வீட்லயும் ரெண்டு மெத்தை இருக்கு. பயிற்சிக்குப் பத்தலேன்னா அனுப்பட்டுமா?"

அனுப்பினார். நம்மவர் அதையும் தட்டினார்.

கடைசியில் பேட்டி. "நாயகனோட மனைவி கண் கலங்கணும். எல்லாப் படத்துலயும் உண்டு," என்று வெங்காயமும் கையுமாக வந்தார்.

"அது எதுக்கு? உங்களைக் கட்டிக்கிட்டதை நினைச்சாலே போதும்," என்றவள், கேமராவைப் பார்த்து ஒரே மூச்சில் அழுது முடித்தாள். "அற்புதம்!" என்று கை தட்டினார் அவர்.

விழா அன்று காலையில் போட்டி. எதிரில் பல் டாக்டர். முதல் ஸ்மாஷுக்கு நம்மவர் கையைத் தூக்கினார். பீரோ இழுத்த இடுப்பு பிடித்துக்கொண்டது. தூக்கிய கை தூக்கியபடி, வளைந்த இடுப்பு வளைந்தபடி சிலையாக நின்றார். மனைவி அதையும் எடுத்து, மாலைக்குள் படத்தில் ஒட்டிவிட்டாள். அந்தக் காட்சிக்கு மட்டும் ஸ்லோ மோஷனே தேவைப்படவில்லை.

மாலையில் படம் ஓடியது. பீரோ சிக்கியபோது அரங்கமே மூச்சைப் பிடித்தது. "இழு! இழு!" என்று பெண்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பீரோ வெளியே வந்ததும் விசில் பறந்தது. இடுப்பு பிடித்தபோது எல்லோரும் "ஐயோ!" என்றார்கள். மனைவி அழுததும் கூடவே பல பெண்கள் அழுதார்கள், ஏனோ ரொம்பப் புரிந்த மாதிரி. பல் டாக்டரின் மனைவி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்குப் பல் கூசியது.

கைதட்டல் அடங்கவில்லை. நம்மவர் எழுந்தார். குனிந்து வணங்க வேண்டிய சிரமம் இல்லை. ஏற்கெனவே குனிந்துதான் இருந்தார்.

"பாத்தியா, என் நடிப்பை!" என்றார் வீடு திரும்பும்போது. "இரண்டாம் பாகம் எப்போன்னு கேக்கறாங்க."

"எடுத்துட்டாப் போச்சு. முதல்ல இடுப்பு நிமிரட்டும்."

இடுப்பு நிமிர்ந்த அன்று காலையில் அவளே வந்து எழுப்பினாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பாசி கழுவும் காட்சியாம். நீலச் சட்டை, படிய வாரிய தலை, கன்னத்தில் கொஞ்சம் பவுடர் என்று மாப்பிள்ளை மாதிரி தொட்டிக்குள் இறங்கி, தேய்க்கிற பிரஷ்ஷை ஓங்கியபடி நிமிர்ந்து பார்த்தார்.

"கேமரா எங்கே?"

"இன்னிக்கு எதுக்குங்க கேமரா? இன்னிக்கு ஒத்திகைதானே!"