நிச்சயத்துக்குப் போன கோடாலி

தருமபுரம், காரைக்கால்.
14-11-1982

பிரான்சு தேசத்தில் உடம்புக்குக் கம்பளியும் பேச்சுக்குப் பெருமையும் குறைவில்லாமல் வாழ்ந்துவரும் என் மைத்துனர் சோமு அவர்களுக்கு, அத்தான் கருப்பையன் ஆசி கூறி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அக்காள் அஞ்சுகமும் உங்கள் மருமகள் அல்லியும் நலம். நலம் என்று போடுவது மரியாதை என்பதால் போடச் சொன்னேன். உண்மையில் என் பிடரியில் மூன்று தையல். தலையைக் குனிந்து ஒரு வரி எழுத முடியாது, திருப்பிப் பார்க்கவும் முடியாது. ஆகவே நான் சாய்வு நாற்காலியில் கூரையைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல, அல்லி எனக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறாள். கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று நீங்கள் மகிழ வேண்டாம். அழகு அவளுடையது, கோபம் என்னுடையது.

சென்ற மாதம் உங்களுக்கு எழுதிய கடிதத்தில், அல்லிக்கு அம்பகரத்தூரில் ஒரு வரன் கூடிவந்திருக்கிறது, பையன் பெயர் முத்தையன், வனத்துறையில் உத்தியோகம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீங்கள் அங்கே என்ன கண்டீர்களோ, புலி உறுமும் காட்டில் பையன் தன்னந்தனியாக மரக்கிளைகளை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு போவதாக நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. முத்தையன் தஞ்சாவூரில் வனத்துறை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவருக்குப் பழக்கமான ஒரே மரம் அவருடைய மேஜை. அதை வெட்டவா கடல் கடந்து ஒரு கோடாலி அனுப்பினீர்கள்? அதற்குப் பெயர் வேறு தோமஹாக்காம். இங்கே அதைக் கைக்கோடாலி என்போம், விறகு பிளப்போம், வேலை முடிந்ததும் அடுப்படி மூலையில் போட்டுவிடுவோம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், கைக்கடிகாரம் கட்டுவார்கள். கோடாலி போடும் யோசனை உங்களைத் தவிர இந்த வம்சத்தில் எவருக்கும் தோன்றியிருக்காது.

அதை மெனக்கெட்டுப் பாரீசிலிருந்து சுமந்துவந்தவர், லீவுக்கு ஊர் திரும்பிய நம் மன்சூர் அலி. வாசலிலேயே மூட்டையை இறக்கினார். “ஒங்க மச்சினன் குடுத்தாரு. உள்ள என்ன இருக்குன்னு நானும் கேக்கல, நீங்களும் எங்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார். டீகூடக் குடிக்கவில்லை, போய்விட்டார். பிரித்தால் அந்தக் கோடாலி, தோலில் தைத்த ஏதோ ஒன்று, முதுகில் மாட்டும் பெரிய பச்சைப் பை, பிரெஞ்சில் அச்சடித்த ஒரு தாள், அப்புறம் உங்கள் கைப்பட இரண்டு வரி. ‘காட்டில் நடப்பவர்கள் இதை முதுகில் கட்டிக்கொண்டுதான் போவார்கள். பத்திரமாகக் கட்டும் விதம் தாளில் இருக்கிறது. அதன்படியே கட்டி எடுத்துப்போய் மாப்பிள்ளையிடம் சேர்க்கவும், அசந்துபோவார்.’ நீங்கள் சொன்னது பலித்துவிட்டது சோமு. அசந்துதான் போனார்கள், மொத்தக் குடும்பமும்.

நான் மாயவரத்துக்காரன். மின்சாரத் துறையில் முப்பது வருடம் கம்பம் ஏறி இறங்கியவன். பிரெஞ்சு எனக்குப் ‘போன்ழூர்’ வரைக்கும்தான். நல்லவேளை, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவளே வீட்டில் இருக்கிறாள் என்று அல்லியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் தாளை இரண்டு முறை படித்தாள். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, “கோடாலியச் சாக்குல வச்சு முதுகுல கட்டணுமாம்ப்பா” என்றாள்.

“சாக்கா? பை இருக்கும்போது சாக்கு எதுக்கும்மா?”

“பை மாமா எனக்கு அனுப்பினது, நோட்டுக்கட்டு தூக்கிட்டுப் போக. தாள்ல சாக்குன்னுதான் போட்டிருக்கு. நீங்களே பாருங்க.”

பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதா? எஸ், ஏ, சி. சாக். சாக்குத்தான். வெள்ளைக்காரனும் நம்மைப் போலத்தான் சாக்கைச் சாக்கு என்கிறான் என்று அன்றைக்குச் சந்தோஷம் வேறு பட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிடி சாக்குக்குள்ளும் தலை வெளியிலும் இருக்க வேண்டுமாம். வெட்டுவாய் வெளியில் தெரிய வேண்டுமாம், அப்போதுதான் பின்னால் வருகிறவர்கள் பார்த்து ஒதுங்குவார்களாம். கயிற்றை இறுக்கக் கூடாதாம், மூச்சு முட்டுமாம். “மூச்சு முட்டுறது எனக்கா, கோடாலிக்கா?” என்று கேட்டேன். “அது தாள்ல போடலப்பா” என்றாள். அந்தத் தோல் சமாச்சாரம் எதற்கு என்று கேட்டதற்கு, வழியில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொள்ள என்றாள். தேசத்துக்குத் தேசம் ஒரு பழக்கம் என்று நானும் பத்து வெற்றிலையை மடித்து அதில் வைத்துக்கொண்டேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படி ஒரு தாளை அச்சடித்த மடையனையும், அதை நம்பி எனக்கு அனுப்பிய உங்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்பகரத்தூரில் பாக்கு மாற்றி நாள் குறிப்பதாக ஏற்பாடு. நானும் அஞ்சுகமும் கிளம்பினோம். பட்டுக்கரை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, தோளில் அங்கவஸ்திரம், அதன்மேல் இரண்டு தேங்காய்நார்க் கயிற்றில் தொங்கும் யூரியாச் சாக்கு, சாக்குக்கு மேலே என் காதுக்குப் பக்கத்தில் பளபளவென்று உங்கள் தோமஹாக். பஸ்ஸில் ஏறினேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் ஒருவன்தான். சாய்ந்தால் குத்தும் என்பதால் சாயவும் முடியவில்லை. கண்டக்டர் நாலு சீட்டுக்கு அப்பாலேயே நின்றுவிட்டார். “பெரியவரே, சில்லறைய யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க, டிக்கெட்டு வந்து சேரும்” என்றார். உங்கள் அக்காள் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து, என்னை முன்பின் பார்த்தே அறியாதவள் போல வழிநெடுக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திருநள்ளாற்றில் ஏறிய ஓர் அம்மாள் பயபக்தியோடு, “அம்பகரத்தூர் அம்மனுக்கு வேண்டுதலாங்க?” என்று கேட்டார். “இல்லம்மா, மாப்பிள்ளைக்கு” என்றேன். “அய்யய்யோ, அவரு என்னங்க பண்ணாரு?” என்றார். அந்த அம்மாளுக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எவ்வளவு நல்ல இடம் தெரியுமா அது? சொந்த வீடு, நிலம், ஒரே பையன், பிக்கல் பிடுங்கல் இல்லை. பையனின் தாயார் அன்னபூரணி அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. அதற்கென்ன, நாளைக்கே விட்டுவிடுவாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே சபையில் வாக்குக் கொடுத்தேன். அல்லிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. இது நான்காவது வரன். இதுவும் தட்டிப்போனால் நான் யார் வாசலில் போய் நிற்பேன் என்று எனக்கு எவ்வளவு பயம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குப் பெண் இல்லை.

கூடம் நிறைய ஜனம். நடுவில் ஒரு பலகை பெஞ்சில் பையனின் சித்தப்பா, குடும்பத்துக்கே பெரியவர், உட்கார்ந்திருக்கிறார். மரியாதைப்பட்ட மனிதன் என்ன செய்வான்? அவர் முன்னால் போய்க் கைகூப்பி நன்றாகக் குனிந்தேன். கயிறு அவிழ்ந்தது. சாக்கு சரிந்தது. உங்கள் சீர்வரிசை என் பிடரியைச் சீவிக்கொண்டு தலைக்கு மேலே புறப்பட்டுப் போய், பெரியவரின் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் பெஞ்சுப் பலகையில் குத்தி நின்றது. அவர் அன்றைக்குக் கால்களை அகட்டி உட்கார்ந்திருந்தது அவர் முன்னோர் செய்த புண்ணியம். அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்கு அவர் காலைச் சேர்க்கவேயில்லை என்று சொன்னார்கள்.

என் சட்டைக் காலரில் ரத்தம் இறங்குகிறது. ஏதாவது செய்து நிலைமையைச் சரிக்கட்டலாம் என்று, மடியிலிருந்த தோல் பையைத் திறந்து, “வெத்தல போடுங்க” என்று பெரியவரிடம் நீட்டினேன். அப்போதுதான் மாப்பிள்ளை முத்தையன் முதல்முதலாக வாயைத் திறந்தார்.

“சார், நீங்க கைல வச்சிருக்கீங்களே, அதுதான் சார் கோடாலிக்கு உறை.”

ஒரு டைப்பிஸ்டுக்குத் தெரிந்தது உங்கள் பிரான்சுக்காரனுக்குத் தாளில் போடத் தெரியவில்லை.

அன்னபூரணி அம்மாள் எழுந்து வந்தார். பெஞ்சில் நின்ற கோடாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சம்பந்தம் பேச வர்றவங்க பூவும் பழமுமா வருவாங்க. நீங்க கோடாலிக்காம்போட வந்து நிக்கிறீங்க. குடும்பம் தழைக்கணும்னு வந்தீங்களா, இல்ல வெட்டிட்டுப் போவோம்னு வந்தீங்களா? நாங்க யோசிச்சுச் சொல்றோம்ங்க.” யோசிக்க அவர்களுக்கு ஒரே ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அதிலும் பாதி, தச்சரைக் கூப்பிட்டுப் பெஞ்சிலிருந்து கோடாலியைப் பிடுங்குவதற்கு ஆகியிருக்கும். மறுநாள் சாயங்காலம் அல்லியின் ஜாதகம் திரும்பி வந்துவிட்டது. கோடாலியும் கூடவே வந்தது. அவர்கள் அதைச் சணலில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, வைக்கோல் திணித்து அனுப்பியிருந்தார்கள். ஒரு தாளும் படிக்காமல் எவ்வளவு பத்திரமாகக் கட்டியிருந்தார்கள் தெரியுமா?

பாவம், குழந்தை. ஜாதகத்தை வாங்கி பீரோவில் வைத்தாளே தவிர, யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைச் சொல்லும்போதுகூடப் பின்னாலிருந்து விசும்பல் கேட்கிறது. திரும்பிப் பார்த்து ஆறுதல் சொல்லக்கூட எனக்குக் கழுத்து இல்லாமல் செய்துவிட்டீர்கள். என் வயிறு எரிகிறது சோமு. என் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தது நீங்கள்தான் என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

உங்களுக்குச் சகல ஐசுவரியங்களும் மேன்மேலும் பெருகட்டும். அவற்றில் ஒன்றையும் இங்கே அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தலை குனிய முடியாத அத்தான்,
மு. கருப்பையன்

பின்குறிப்பு: மாமா, இது அல்லி. அப்பா சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இந்தக் குறிப்பை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. தாளின் மேலும் இல்லை. உறையை மாட்டி, பையின் அடியிலுள்ள வளையத்தில் பிடியை நுழைத்து, வெட்டுவாய் முதுகுப் பக்கம் திரும்பாமல் வைத்து, வாரை இறுக்கிக் கட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று அதில் தெளிவாகத்தான் போட்டிருக்கிறது. பிரெஞ்சில் ‘சாக்’ என்றால் பை. ஆறு வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பைக்கும் சாக்குக்கும் வித்தியாசம் தெரியாதா மாமா? வேலையை விட்டுவிடுவாள் என்று அப்பா சபையில் சொன்னபோது நான் காப்பித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டு, இது சரிப்படாத குடும்பம் என்று அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்குக் காயம் படும் என்று நினைக்கவில்லை. அதற்காக அழுதிருக்கிறேன். ஆனால் அவர் விசும்பல் என்று எழுதச் சொன்னது அந்த அழுகை இல்லை, அடக்கிய சிரிப்பு. பஸ் அம்மாள் நினைவு வந்துவிட்டது. தையல் பிரித்ததும் எல்லாவற்றையும் அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன், வேலையை விடமாட்டேன் என்பதையும் சேர்த்து. உங்களுக்கு மட்டும் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடாலியைச் சாக்கில் வைத்து அப்பா முதுகில் கயிறு கட்டிவிட்டது அம்மா. கிணற்று வாளிக்கு அம்மா போடுகிற முடிச்சை அவிழ்க்க அப்பாவே கத்தி தேடுவார். அன்றைக்கு அது ஒரு கும்பிடுக்கு அவிழ்ந்துவிட்டது. அம்மாவிடம் நான் ஒரு வார்த்தையும் முன்கூட்டிச் சொல்லவில்லை மாமா.