இரவல் கை

"ஏங்க, கொஞ்சம் நடுவுல வந்து உட்காருங்களேன். பாதி முகம்தான் தெரியுது."

"நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. இந்தப் பக்கம் சாஞ்சாதான் நிக்கும்" என்றார் தண்ணீர் லாரி டிரைவர்.

நாற்காலியின் நாலு காலும் நன்றாகத்தான் இருந்தன. டிரைவரின் இடது கைதான் முழங்கையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டுக்குள் கிடந்தது. அதைத் திரைக்கு வெளியே தொங்கவிட்டு, ஒற்றைத் தோளை மட்டும் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கையையும் ஆட்ட மாட்டேங்கறீங்க. ரெண்டு கையையும் ஆட்டாம உங்களுக்குப் பேச்சே வராதே."

"அடுத்த வாரம் ஆட்டறேன்" என்றார். பன்னிரண்டு நிமிடம் முடிந்து திரை அணைந்தது.

அமைதி காக்கவென்று கடல் தாண்டிப் போன படை அது. மண்மூட்டைச் சுவர், தகரக் கூரை, எண்பது பேர். வீட்டோடு பேச ஒரு அறை, அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஞாயிறு மதியம் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று கதவில் பட்டியல் ஒட்டியிருக்கும். சாப்பாட்டு மணியைத் தவறவிட்டவர்கள் உண்டு; அந்தப் பட்டியலைத் தவறவிட்டவர் கிடையாது.

டிரைவர் எட்டு மாதமாகக் கண்ணிவெடிச் சாலையில் ஓட்டுகிறவர். முன்னால் போகும் வண்டியின் சக்கரத் தடத்திலேயே தன் சக்கரத்தை வைத்து, தினமும் நாலு கிராமத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அப்படிப்பட்ட மனிதர், முகாமுக்குள் லாரியைக் கழுவும்போது சோப்பு நுரையில் கால் வைத்துக் கையை ஒடித்துக்கொண்டார்.

இதைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்த முகாமில் குண்டு உரசிப் போனாலும், சில்லு பாய்ந்தாலும், வீட்டில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வழுக்கி விழுந்துட்டேன்." யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்த வழக்கம். தொடக்கத்தில் மனைவிமார் நம்பினார்கள். பிறகு அவரவர் வீட்டுக்காரர் லீவில் வந்து சட்டையைக் கழற்றியபோது விஷயம் தெரிந்துபோயிற்று. இப்போதெல்லாம் 'வழுக்கி' என்று ஆரம்பித்தாலே அந்தப் பக்கம் அழுகைதான். நிஜமாகவே வழுக்கி விழுந்த முதல் ஆள் நம் டிரைவர். அவருக்குச் சொல்ல வார்த்தை எதையும் மற்றவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

அவள் அழுவதைப் பார்க்கும் தெம்பு அவருக்குக் கிடையாது. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தவள் அவள். அந்தப் பேச்சை இருவருமே பிறகு எடுத்ததில்லை. அதற்கு மேலும் அவள் தலையில் ஒரு பாரத்தை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"ஒரு கைதானே வேணும்? என் கையை எடுத்துக்க தம்பி" என்றார் முகாமின் சமையல்காரர், ஏதோ ஒரு கரண்டி உப்பு கொடுப்பதுபோல.

"அதெப்படி அண்ணே?"

"பெரிய மழைக்கோட்டு ஒண்ணு இருக்கு. நீ போட்டுக்க. நான் பின்னால குந்திக்கிட்டு இடது கைப்பக்கம் என் கையை விடறேன்."

தினமும் எண்பது பேருக்கு மூன்று வேளை பொங்கிப் போட்டுவிட்டு, ஓய்வெடுக்கக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் குந்தியிருக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? நான் அந்த மனிதரைக் கும்பிடுவேன்.

அடுத்த ஞாயிறு டிரைவர் நடுவில் உட்கார்ந்தார்.

"உள்ள உட்கார்ந்துக்கிட்டு எதுக்குங்க மழைக்கோட்டு?"

"கூரை ஒழுகுது."

இடது கை மேலே எழுந்து கூரையைக் காட்டியது. மனைவிக்குத் திருப்தி. அவள் முகம் திரை முழுவதும் நிறைந்திருந்தது. முன்பெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டுவாள். சில மாதங்களாக முகம் மட்டும்தான். போன் ஸ்டாண்டு உடைந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். தன் கையை மறைக்கும் கவலையில் இருந்தவருக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"ஏதோ சுமாரா இருக்கு."

கை நறுக்கென்று அவர் தொடையைக் கிள்ளியது.

"இல்ல இல்ல, அருமையா இருக்கு" என்றார் டிரைவர்.

கை கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. ஆனால் மனைவி திரையை உற்றுப் பார்த்தாள்.

"இடது கையில ஏன் இவ்வளவு முடி?"

"இங்க குளிர் ஜாஸ்தி."

"வலது கைக்குக் குளிராதா?"

நல்லவேளை, பன்னிரண்டு நிமிடம் முடிந்தது.

அடுத்த வாரத்துக்குள் முகாமின் முடிதிருத்துபவர் சமையல்காரரின் கையை மழித்துக் கொடுத்தார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். சோப்புப் போட்டு இரண்டு முறை மழித்தார். முடி போனதும், அதுவரை மறைந்திருந்த சூட்டுத் தழும்புகள் ஆறு வெளியே வந்தன. பதினெட்டு வருட அடுப்பு கொடுத்தது.

"இதைப் பார்த்தா என்னைச் சூடு போட்டு விசாரிச்சாங்கன்னு நினைச்சுக்குவா அண்ணே" என்றார் டிரைவர்.

"மாவைப் பூசினா மறைஞ்சுடும்" என்றார் சமையல்காரர். அவருக்கு எல்லா வியாதிக்கும் மருந்து சமையலறையில்தான் இருந்தது. விரலிலிருந்து முழங்கைவரை கோதுமை மாவைத் தடவிக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு. மனைவியின் முகம் வாடியிருந்தது, ஆனாலும் விளக்கேற்றி வைத்ததுபோல இருந்தது. பின்னால் பழக்கமில்லாத பச்சைச் சுவர்.

"எங்க இருக்கே?"

"வீட்டுக்கு வெள்ளையடிக்கறாங்க. தெரிஞ்சவங்க இடத்துல இருக்கேன்."

மழைக்கோட்டுக்குள் மாவு பறந்தது. டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பலத்த தும்மல் வெடித்தது. பழக்க தோஷம், கை சட்டென்று எழுந்து மூக்கைப் பொத்தியது. பொத்தியது டிரைவரின் மூக்கை. தும்மாத மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து இரண்டாவது தும்மலும் வந்தது.

மனைவி பக்கவாட்டில் எதையோ பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றாள்.

தீர்ந்தது கதை என்று நினைத்துக்கொண்டார் டிரைவர். கண்ணை மூடினார். ஒரு உள்ளங்கை கிரீஸ் கறுப்பு, இன்னொன்று மாவு வெள்ளை. மூடிய கண்ணுக்குள் அந்த இரண்டு கைகளும் தெரிந்தன. ஒருத்தி இப்படி நம்பிக் கேட்கும்போது இரவல் கையை நீட்டுவதா என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

கண்ணைத் திறந்தார். மழைக்கோட்டைக் கழற்றினார். மாவுக்கட்டைத் தூக்கித் திரைக்கு நேராக வைத்தார். பின்னால் முகமெல்லாம் மாவோடு சமையல்காரர் எழுந்து நின்றார்.

"வணக்கம்மா" என்றார் சமையல்காரர்.

மனைவி அந்த மாவு முகத்தையும் மாவுக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் டிரைவர். "சத்தியமா வழுக்கித்தான். சோப்பு."

"சோப்புதாம்மா" என்றார் சமையல்காரர். "தண்ணி ஊத்தினவன் நான். பாவி, கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்திட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பினூடே கண்ணில் தண்ணீர் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்றாள்.

"உங்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல. எல்லாம் சரியான பிறகு சொல்லலாம்னு இருந்தேன். தப்புதான்."

"தப்பில்லை" என்றாள். "நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்."

இத்தனை பெரிய மனசை அவர் எதிர்பார்க்கவில்லை. எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக் கண் கலங்கினார். சமையல்காரரும் மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டு எப்ப பிரிப்பாங்க?"

"ரெண்டு வாரத்துல."

"ஆறு வாரம் கழிச்சு ஊருக்கு வர்றப்ப, அந்தக் கையால தூக்க முடியுமா?"

"என்ன தூக்கணும்?"

"ரொம்பக் கனமில்லை. மூணு கிலோகூட இல்லை."

டிரைவர் ஒன்றும் புரியாமல் சமையல்காரரைப் பார்த்தார். அதற்குள் பச்சைச் சுவருக்கு அருகே கதவு திறந்தது. வெள்ளைச் சீருடை போட்ட ஒரு அம்மாள், கையில் துணிப் பொட்டலத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, அப்பா கையை நீட்டினாரா இல்லையா? உங்க பொண்ணை வெச்சுக்கிட்டு நானும் எவ்வளவு நேரம்தான் வெளியிலயே நிக்கறது?"