நேர் எதிர்

"எல்லாரும் இரிங்க" என்று ரம்ஸியா டீச்சர் சொன்னதும் மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் எழும்பி நின்றார்கள். "சத்தம் போடாதீங்க" என்றார். கடற்கரையில் தோணி தள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார்கள்.

பிள்ளைகள் மேல் பிழையில்லை. நாடகப் பாடத்துக்கென்று 'நேர் எதிர்' விளையாட்டைப் பழக்கியதே டீச்சர்தான். சொன்னதற்கு எதிராகச் செய்ய வேண்டும், மனதில் உள்ளதற்கு எதிராகப் பேச வேண்டும். இதில் கூச்சம் போகும், காது கூர்மையாகும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு நிறுத்தியே ஆக வேண்டும். பாடம் பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து நஸீர் சேர் வருகிறார். நாடகப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுக்க வேண்டுமென்று அதிபர் ஒற்றைக்காலில் நிற்கிறார். நாடகம் வேண்டும் என்று நஸீர் சேர் எழுதினால்தான் அது தப்பும். பாலாவியிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வருகிற டீச்சருக்குக் கிழமையில் அந்த நாற்பது நிமிடம்தான் சந்தோசம்.

"விளையாட்டு முடிஞ்சி" என்றார்.

"அப்ப முடியல்ல" என்று பிள்ளைகள் துள்ளினார்கள்.

முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? டீச்சர் யோசித்துவிட்டு, "சரி, விளையாட்டு முடியல்ல" என்றார்.

பாதிப் பேர் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்தார்கள். மற்றப் பாதி, "டீச்சரே முடியல்லண்டு சொல்றாங்க" என்று நின்றார்கள்.

நின்றவர்களை வழிக்குக் கொண்டுவர, "வெளிய போங்க" என்றார். அவர்கள் அசையவில்லை. உட்கார்ந்திருந்த நல்ல பிள்ளைகள் எழும்பி ஒழுங்காக வெளியே போய்விட்டார்கள்.

"ஐயோ, உள்ளுக்கு வாங்க" என்றார். போனவர்கள் திரும்பினார்கள். உள்ளே நின்றவர்கள் வெளியே பாய்ந்தார்கள். வாசலில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டது.

திரும்பி வந்த நுஸ்கி மட்டும் உட்காராமல் நின்றான்.

"டீச்சர், எங்கட வாப்பா கடலுக்குப் போகக்குள்ள 'வாறன்'டு சொல்லிட்டுத்தான் போவார். அவரும் இந்த விளையாட்டா?"

காலையில் வீட்டிலிருந்து டீச்சரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார். எது நேர், எது எதிர் என்று அவருக்கே இப்போது தலை சுற்றியது.

வெளியே போனவர்களைக் கூப்பிடலாமா, போகச் சொல்லலாமா என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தாங்களாக வந்தார்கள். நடுவில் நஸீர் சேர். சின்ன அக்கீலா அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எல்லாரும் ஒரே குரலில் ஸலாம் சொன்னார்கள். அதில் விளையாட்டு வைக்கக் கூடாதென்று பிள்ளைகளுக்கே தெரியும்.

"நாடகப் பாடம் விருப்பமா?" என்று சேர் கேட்டார்.

"ஓம்" என்றது பாதி வகுப்பு. "இல்ல" என்றது மீதி.

"டீச்சர் நல்லாப் படிப்பிக்கிறாங்களா?"

"இல்ல" என்பது இந்த முறை பலமாக வந்தது. சேர் எதையோ எழுதினார். டீச்சர் குறுக்கே ஓடிவந்தார்.

"சேர், அது வந்து, அவங்க இல்லண்டு சொன்னா ஓம். ஆனா ஓம்டு சொன்னவங்க சொன்னதும் ஓம்தான்."

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல டீச்சர்" என்று சேர் சிரித்தார். "ஆனா இவ்வளவு ஒழுங்கான வகுப்ப நான் எங்கயும் பாக்கல்ல. இந்தப் பாடவேளைய உங்களிட்ட இருந்து ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. அதிபருக்கு அப்பிடியே எழுதிக் குடுக்கிறன்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கூத்துக்குப் பிறகும் இப்படி ஒரு நல்ல மனுசனா? சேர் அதிபரின் அறைப் பக்கம் நடந்தார்.

"கேட்டீங்களா புள்ளைகள்? எங்கட நாடகப் பாடம் எங்களுக்குத்தான்."

யாரும் துள்ளவில்லை. அக்கீலா மெதுவாக வந்து டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், வெளிய வெச்சி நாங்க சேரையும் விளையாட்டுல சேத்துட்டோம்."