ஒழுக்கமான கார்

இந்தக் குளிர்காலத்தில் மாமியாரை வீட்டுக்குள் விடுவதில்லை என்று ஓவிதியோ முடிவெடுத்தபோது, வால்டிவியாவில் பத்தொன்பதாவது நாளாக விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. சும்மா எடுத்த முடிவில்லை. சவரம் செய்துகொண்டே, கண்ணாடியில் தன் முகத்தை நேருக்கு நேர் பார்த்து எடுத்த முடிவு. மனைவி நோல்ஃபா பக்கத்து அறையில் இருந்ததால் சத்தம் போடாமல் எடுத்தான்.

எல்லாம் ஒரு நாற்காலியால் வந்தது. வீட்டில் விறகடுப்பு ஒன்று, அதன் பக்கத்தில் நாற்காலி ஒன்று. அந்த ஊரில் குளிர்காலம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை. அத்தனை மாதமும் ஒரு மனிதன் உலர்ந்து உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான். சுவரில் பூஞ்சை, துணியில் ஈரம், போர்வைக்குள்ளும் ஈரம். ஓவிதியோவுக்கு நகராட்சிப் பூங்காக்களைப் பராமரிக்கும் வேலை. பகலெல்லாம் இலை கூட்டி, நனைந்து, சாயங்காலம் அந்த நாற்காலியில் வந்து விழுந்தால்தான் அவனுக்குப் போன உயிர் திரும்பும்.

போன குளிர்காலத்தில் நோல்ஃபாவுக்குக் கை சுளுக்கியது. சமைத்துப்போட வந்தாள் மாமியார் தோன்யா உபெர்லிண்டா. வேலை முடிந்த நேரமெல்லாம் நாற்காலியில் அவள்தான். மாப்பிள்ளைக்கு ஜன்னலோரம், அதுவும் காற்று புகும் ஜன்னல். போதாக்குறைக்கு அவன் அடுப்பில் விறகு வைக்கும்போதெல்லாம், "இப்பிடியா வைப்பாங்க, மாப்ளே?" என்று ஒரு கேள்வி வேறு. பத்து நாளில் அவன் மூன்று கிலோ இளைத்தான்.

"சனிக்கிழமை ரியோ புவேனோ போயி அம்மாவைக் கூட்டிட்டு வந்துடணும், கிழவா," என்றாள் நோல்ஃபா.

அவனுக்கு நாற்பத்தாறு வயசுதான். கல்யாணமான மறு வருஷமே கிழவனாகிவிட்டான். அவளும் கிழவிதான். அந்த ஊர்ப் பாசம் அப்படி.

"எதுல கூட்டிட்டு வர்றது?"

"கார்லதான். தோள்லயா தூக்கிட்டு வரப் போற?"

"கார் ஒழுகுது, கிழவி." வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான்.

"நேத்து வரைக்கும் ஒழுகலையே?"

"நேத்து வரைக்கும் பதினெட்டு நாள் மழை. இன்னிக்குப் பத்தொம்பது. அதுவும் எவ்வளவுதான் தாங்கும்?"

நோல்ஃபா சண்டை போடவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். "போன மாசம் விறகு எடுக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்தாங்க. ரெண்டு மணி நேரம் சேத்துலயே கிடந்திருக்காங்க. தபால்காரர் மட்டும் அந்தப் பக்கம் வரலேன்னா..." என்றவள் உள்ளே போய்விட்டாள்.

ஓவிதியோவுக்கு நெஞ்சு கனத்தது. பொய்யில்லை, நிஜமாகவே கனத்தது. பிறகு நாற்காலியைப் பார்த்தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டான்.

சொன்ன பொய்க்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டுமே. மறுநாள் காலை, அவள் எழுவதற்கு முன்னால் கிளம்பினான். குழாய்த் தண்ணீரின் குளிர் கையை வெட்டியது. அடுப்பின் மேல் எந்நேரமும் மாத்தே என்ற அந்த ஊர் இலைத் தேநீர் குடிப்பதற்காக ஒரு கெட்டில் வெந்நீர் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் தாராளமாக ஊற்றினான். மாமியார் உட்கார வேண்டிய இடம் அது.

நோல்ஃபா வந்து பார்த்தாள். குனிந்து விரிப்பைத் தொட்டாள். "அடப்பாவமே, நெசமாவே ஒழுகுதே!" என்றாள். அன்று சாயங்காலம் காருக்குள் பழைய செய்தித்தாள்களைப் பரப்பினாள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டையாம்.

விடிந்ததும் ஓவிதியோ செய்தித்தாளுக்கு ஊற்றினான்.

"நட்டநடுவுல வட்டமா நனைஞ்சிருக்கு," என்றாள் நோல்ஃபா. "ஓரமெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. மேல கூரையும் காய்ஞ்சு கிடக்கு. இது எந்த ஊரு மழை, கிழவா?"

"காத்துல சுழண்டு வருது."

"கதவு சாத்தியிருக்கையிலயா?"

"சின்னக் காத்து."

அன்றைக்கே ஹோஸ் பைப்பை எடுத்தாள். அவன் டார்ச் லைட்டுடன் உள்ளே உட்கார வேண்டும். அவள் வெளியிலிருந்து தண்ணீர் அடிப்பாள். கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு, நனைந்து நிற்கிற காருக்கு மேற்கொண்டு தண்ணீர் அடித்த பெண்மணி அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

"கீழேருந்துதான் ஆரம்பிக்கணும்," என்று கண்ணாடிக்கு வெளியே இருந்து கத்தினாள். "எடுத்த எடுப்புல கூரையில அடிச்சா எங்கேருந்து வருதுன்னே தெரியாது."

"யார் சொன்னது?"

"எங்க பொறந்த வீட்டுல சொல்வாங்க. ஒழுகுதா?"

"ஒழுகுது!"

"எங்க?"

"பரவலா!"

"பரவலான்னா எங்க?"

"ஒரு எடம்னு சொல்ல முடியாது!"

ஒரு மணி நேரம் அடித்தாள். கதவடி, கதவு, ஜன்னல், முன்கண்ணாடி, கடைசியில் கூரை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அடைத்த காருக்குள் மூச்சு முட்டி, வியர்த்து வழிந்தான் ஓவிதியோ. அந்தக் காரில் ஒழுகியது அவன் மட்டும்தான். மாமியார் பத்து நாள் சமைத்துப்போட்டதும், அவள் சேற்றில் கிடந்த அந்த இரண்டு மணி நேரமும் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையும் துடைத்துப்போட்டான்.

"நம்மால முடியாது. விஷயம் தெரிஞ்சவங்களைத்தான் கேக்கணும்," என்று நோல்ஃபா பைப்பைச் சுருட்டினாள்.

அவனுக்குப் பரம சந்தோஷம். மழைக்காலத்தில் எந்த மெக்கானிக்கும் இரண்டு மாதத்துக்கு முன்னால் திரும்பிப் பார்க்க மாட்டான். அதற்குள் பாதிக் குளிர்காலம் ஓடிவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் தோன்யா உபெர்லிண்டா உட்கார்ந்திருந்தாள். கையில் மாத்தே. காலடியில் ஒரு தோல் பை.

"பஸ்லயே வந்துட்டேன், மாப்ளே. உங்க கார் ஒழுகுதாமே?"

ஓவிதியோ ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். மாமனார் உயிரோடு இருந்தபோது ரியோ புவேனோவில் கார் பட்டறை வைத்திருந்தது அவனுக்குத் தெரியும். அங்கே போனபோதெல்லாம் மாமியார் காப்பி கொண்டுவந்து கொடுத்ததும் தெரியும். காப்பி கொடுத்த கைதான் சுற்றுவட்டாரத்தில் ஒழுகிய கார்களையெல்லாம் அடைத்த கை என்பதைத்தான் அவன் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை உபெர்லிண்டா அம்மாள் வேலையை ஆரம்பித்தாள். பையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்தாள். கதவுகளின் ரப்பர் பீடிங் முழுக்கத் தடவி, கதவைச் சாத்தித் திறந்தாள். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக்கோடு எங்கும் அறுபடாமல் விழுந்திருந்தது. கதவிடுக்கில் காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தாள். காகிதம் வராமல் கிழிந்தது, அவ்வளவு இறுக்கம். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் குத்திப் பார்த்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு ஒரு கூடை மக்கிய இலையை வாரிப் போட்டாள்.

"ஊர்ப் பூங்காவையெல்லாம் கூட்டுறீங்க. உங்க கார்லயே ஒரு பூங்கா இருக்கே, மாப்ளே? வாரத்துக்கு ஒரு தடவை இதை வாரிப் போட்டா ஆயுசுக்கும் ஒழுகாது."

"அப்ப இதனாலதான் ஒழுகுச்சா?" என்று ஓவிதியோ பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

"இல்லையே. இதைத் தாண்டித் தண்ணி உள்ள வந்த தடமே காணோம்." அம்மாள் கையைத் துடைத்தாள். "ஒழுகுற கார்னு சொன்னாங்க. பாத்தா ரொம்ப ஒழுக்கமான காரா இருக்கு. நான் நாளைக்கே கிளம்புறேன். வேலை இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை?"

"நானே பஸ் ஸ்டாண்டுல கொண்டு விடுறேன்!" என்றான் ஓவிதியோ. குரலில் அத்தனை மரியாதை அதுவரை வந்ததில்லை.

நோல்ஃபா அவனை விறகுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள்.

"ராத்திரி படுக்கறப்ப கெட்டில்ல முட்ட முட்டத் தண்ணி வச்சிட்டுப் படுக்கறேன். காலையில காலி. ஒரு ஆளு அவ்வளவு மாத்தே குடிச்சா வயிறு வெடிச்சிருக்கும், கிழவா."

ஓவிதியோ குனிந்து, சரியாக இருந்த ஒரு விறகுக் கட்டையை எடுத்துத் திரும்ப அடுக்கினான்.

"முதல் நாளே தெரியும் எனக்கு."

"தெரிஞ்சுமா ஒரு மணி நேரம் மழையில நின்னு ஹோஸ் புடிச்ச?"

"பின்னே? நாலு தடவை ஃபோன் பண்ணேன். சும்மா உக்காந்து திங்கறதுக்கு எந்த வீட்டுக்கும் வர மாட்டேன்னுட்டாங்க. நீ கார் ஒழுகுதுன்ன. சாமியே வழிகாட்டுன மாதிரி இருந்துச்சு. சாதாரண ஒழுகல்னா ஃபோன்லயே வைத்தியம் சொல்லிடுவாங்க. பேப்பர் போட்டாச்சு, தண்ணி அடிச்சாச்சு, கண்டுபுடிக்க முடியலேன்னு அழுதேன். அடுத்த பஸ்ல வந்துட்டாங்க." அவள் கண் கலங்கியது. "திரும்பவும் அவங்க தனியா அந்தச் சேத்துல விழுந்து கிடந்தாங்கன்னா நான் செத்தே போயிடுவேன்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"நாளைக்குக் காலையில கார் ஒழுகணும்."

"எத்தனை நாளைக்கு?"

"செப்டம்பர் வரைக்கும். ஒருநாள் முன்னாடி, ஒருநாள் பின்னாடி. ஒரே எடத்துல ஊத்துனா கண்டுபுடிச்சுடுவாங்க."

"மாட்டேன்னா?"

"ஏன் ஒழுகுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கார் ஒழுகியது. அம்மாள் பஸ்ஸை விட்டுவிட்டாள். திங்கட்கிழமை பின்பக்கம் ஒழுகியது. அம்மாளின் முகத்தில் பத்து வயசு குறைந்தது. பின் இருக்கையைக் கழற்றி அடுப்புப் பக்கம் காயவைத்து, நாற்காலியை இன்னும் கொஞ்சம் அடுப்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை கெட்டிலோடு போய்க் கதவைத் திறந்தான் ஓவிதியோ. உள்ளே சால்வையைப் போர்த்திக்கொண்டு தோன்யா உபெர்லிண்டா உட்கார்ந்திருந்தாள். கெட்டில் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்த ஆவியையே பார்த்தார்கள். கார்க் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"பயப்படாதீங்க, மாப்ளே. நோல்ஃபாகிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள் அம்மாள் மெதுவாக. "எனக்கும் அந்த வீட்டுல தனியா இருக்கப் பயமாத்தான் இருக்கு. இங்கயே இருக்கட்டுமான்னு பெத்த பொண்ணுகிட்ட எப்பிடி வாய்விட்டுக் கேக்கறது? நீங்க பாட்டுக்கு ஊத்துங்க."

ஓவிதியோவுக்கு நாற்காலி போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. கெட்டிலைச் சாய்க்கப் போனான். அம்மாள் கையை நீட்டித் தடுத்து, கெட்டிலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா இன்னிலேருந்து குழாய்த் தண்ணியா ஊத்துங்க, மாப்ளே. வால்டிவியாவுல வெந்நீர் மழை பெய்யறதில்லை."