கோதுமை மாமாவும் பக்கத்து பில்டிங்கும்

கல்கத்தாவில் எல்லோரும் வெயிலைத் திட்டுவார்கள். வெயிலுக்காக மற்றவர்களைத் திட்டிய ஒரே மனிதர் எங்கள் கோதுமை மாமாதான்.

லேக் கார்டன்ஸில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். மத்திய அரசின் விவசாய ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெளிச்சம் குறைந்தால் எந்தக் கோதுமை ரகம் தாங்கும் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. ஆபீஸ் அதை எப்போதோ விட்டுவிட்டது, அவர் விடவில்லை. குளிர்காலம் வந்தால் மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகளில் கோதுமை. பாதி வெயிலில், பாதி பச்சை வலைக்கு அடியில். இரண்டாம் மாடி வங்காளிப் பெண்மணி, எங்களுக்கெல்லாம் பௌதி, அதாவது அண்ணி, சேலை உலர்த்தினால், நிழல் விழுகிறதென்று ஹிந்தியில் ஆரம்பித்து வங்காளத்துக்குத் தாவி, வார்த்தை போதாமல் தமிழில் முடிப்பார். பௌதி மறுநாள் போர்வையோடு வருவாள்.

வலைக்கடியில் பயிர் நெடுநெடுவென்று நிற்பதை நான் ஒருநாள் தெரியாத்தனமாகப் பாராட்டிவிட்டேன்.

"அது வளர்த்தி இல்லேம்மா, தவிப்பு. வெளிச்சத்தைத் தேடி ஓடறது" என்றார்.

பக்கத்துப் பழைய வீட்டை இடித்து ஒரு புரொமோட்டர் அடுக்குமாடி கட்ட வந்தான். மாமா வீடு வீடாக ஆட்சேபணைக்குக் கையெழுத்துக் கேட்டார். புரொமோட்டரோ எங்கள் கட்டடத்துக்கு இலவசமாகப் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். அவர் கையெழுத்துக்குக் கீழே நான் மட்டும் போட்டேன்.

கட்டடம் எழும்பியது. அந்தக் குளிர்காலம் வெயில் நகர நகர, மாமா தொட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பிறகு போக இடமில்லை. சில ரகங்கள் சாய்ந்தன. சில பச்சையாக நின்று ஏமாற்றின. கதிரைக் கசக்கினால் பதர். அவரே உருவாக்கி, மணி சிறியதென்று ஆபீஸ் தள்ளிய ரகம் மட்டும் கொஞ்சம் விளைந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு குடியிருப்போர் கூட்டத்துக்கு வந்தார். அங்கே பெயிண்ட் க்ரீமா, பிங்க்கா என்று விவாதம். செயலாளர் எட்டிப் பார்த்து, புறாவுக்கா என்று கேட்டார்.

"நிழலுக்கு எல்லாரும் பழகிடுவேள். பயிரும் பழகிக்கும். மணிதான் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போனார்.

எங்கள் கட்டடத்துக்கு பிங்க் அடித்தார்கள். மகன் வந்து அவரைப் புனேவுக்கு அழைத்துப் போனான்.

போன வாரம் போன் செய்தேன். அங்கே பால்கனியில் நாள் முழுக்க வெயிலாம். அப்படியானால் கோதுமை போட்டாச்சா என்றேன்.

"போடலேம்மா" என்றார், வெகு சாதுவாக.

என்னை நாலு வார்த்தை திட்டமாட்டாரா என்று போனை வைக்காமல் காத்திருந்தேன்.